கட்டும் தளர்வும்: கால் எலும்பு முறிவுக்குப் பிந்தைய மறுவாழ்வில் குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கால் எலும்பு முறிந்தவர்க்கு எலும்பு கூடிய பின்னரும் தசை மெலிவு நீடிக்கிறது. மெலிந்த தசையை மீட்க மிகுந்த எடையைத் தூக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். கூடிவரும் எலும்போ அவ்வெடையைத் தாங்காது. இம்முரணுக்கு ஒரு தீர்வாகக் கடந்த கால் நூற்றாண்டில் வளர்ந்துள்ளது குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி. தொடையின் மேற்பகுதியில் காற்றுப் பட்டையைச் சுற்றி, அளந்த அழுத்தம் கொடுத்து, குறைந்த எடையுடன் பயிற்சி செய்வதே இம்முறை. இறுகிய கட்டு தசையைக் கொல்லும் என்பது எலும்பு முறிவு மருத்துவத்தின் பழைய எச்சரிக்கை. அதே இறுக்கம் தசையைக் காக்கும் கருவியாக மாறியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அளவு, காலம், தளர்வு ஆகிய மூன்றுமே இம்மாற்றத்தை இயலச் செய்தன என்பது இதன் கருதுகோள். இம்முறைக்குத் தமிழில் வழங்கும் பெயர் நோயாளியின் பாதுகாப்போடு தொடர்புடையது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எலும்பு முறிவு, கொம்பு கட்டல், தொக்கணம், தசை மெலிவு, குருதியோட்டக் கட்டுப்பாடு, மறுவாழ்வு மருத்துவம், கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

சென்னையின் தென்புறநகர் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையையும் அதனையொட்டிச் செல்லும் இருப்புப் பாதையையும் முதுகெலும்பாகக் கொண்டு வளர்ந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. அங்கிருந்து தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகியவற்றைக் கடந்தால் பொத்தேரி வருகிறது. அங்கே எஸ்.ஆர்.எம். வளாகத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இயன்முறை மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. வர்மமும் தொக்கணமும் கற்பிக்கப்படும் இடமும், தசையின் வலிமையைக் கருவிகொண்டு அளக்கும் துறை கற்பிக்கப்படும் இடமும் ஒரே சாலையில், ஒரே தொடர்வண்டித் தடத்தில் அமைந்துள்ளன. கால் முறிந்தவர் இவ்விரு மரபுகளுள் ஒன்றையோ, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையுமோ நாடுவது இப்பகுதியில் இயல்பான நிகழ்வு.

கால் முறிவோர் எண்ணிக்கைக்கும் இங்குக் குறைவில்லை. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. இந்திய மாநிலங்களுள் இதுவே மிகுதியான எண்ணிக்கை. அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தனர். உயிர்பிழைத்தோருள் கால் எலும்பு முறிந்தவர்கள் ஒரு பெரும் பிரிவினர். இவர்களுக்கு அறுவை மருத்துவம் முடிந்து, கதிர்ப்படத்தில் எலும்பு கூடியதாகத் தெரிந்து, மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகும் நடை திரும்புவதில்லை. தொடையின் முன்தசை மெலிந்து, படியேறும்போது முழங்கால் தளர்கிறது. சுமை தூக்குவோர், கட்டடத் தொழிலாளர், ஓட்டுநர் ஆகியோர்க்கு இம்மெலிவு வேலையிழப்பாகவே முடிகிறது. எலும்பின் கதை முடிந்த இடத்தில் தசையின் கதை தொடங்குகிறது. அதனைப் பற்றிய தமிழ் எழுத்துகள் மிகக் குறைவு. இக்குறையை ஓரளவேனும் நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முறையின் இயல்பு

வரலாற்றுக்குள் செல்லுமுன் முறையின் அடிப்படையை விளங்கிக்கொள்வது தேவை. தசை பெருக்க, ஒருவர் ஒருமுறை மட்டுமே தூக்கக்கூடிய உச்ச எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு எடையைக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும் என்பது உடற்பயிற்சியியலின் பொதுவிதி. உச்ச எடை 10 கிலோ எனில் பயிற்சி எடை 7 கிலோ. எலும்பு முறிந்து சில வாரங்களே ஆனவர்க்கு இது இயலாது. குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் உச்ச எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரையிலான எடையே பயன்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி 2 முதல் 4 கிலோ.

தொடையின் மேற்பகுதியில் சுற்றப்படும் காற்றுப் பட்டை, தமனி வழியே காலுக்கு வரும் குருதியைக் குறைக்கிறது. சிரை வழியே திரும்பும் குருதியைப் பெரிதும் தேக்குகிறது. உயிர்வளி குறைந்த சூழலில் வேலை செய்யும் தசையில் வளர்சிதைப் பொருள்கள் தேங்குகின்றன. மெதுவான தசைநார்கள் விரைவில் களைத்துப்போக, வழக்கமாகக் கனத்த எடைக்கு மட்டுமே எழும் விரைவுத் தசைநார்களும் பணிக்கு அழைக்கப்படுகின்றன. தசைச் செல்களின் வீக்கமும் புரத உருவாக்கத்தைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. இவ்வாறு சிறிய எடை, பெரிய எடைக்கு நெருங்கிய பயனைத் தருகிறது.

முழங்காலுக்குக் கீழே முறிவுற்றோர்க்கு இம்முறையில் ஒரு தனி வசதி உண்டு. பட்டை தொடையின் மேற்பகுதியில் அமைவதால் முறிந்த இடத்தை அழுத்துவதில்லை. தொடை எலும்பு முறிந்தவர்க்கு அவ்வசதி இல்லை. அங்கே முறிவின் நிலையும் தையலின் நிலையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

3. மரபு மருத்துவத்தில் கட்டும் இறுக்கமும்

இறுக்கத்தின் அளவு பற்றிய கவலை இந்திய மருத்துவத்தில் மிகப் பழமையானது. சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் மூன்றாம் இயல் எலும்பு முறிவு பற்றியது. கட்டு மிகவும் தளர்ந்திருந்தால் மூட்டு நிலைபெறாது. மிகவும் இறுகினால் தோல் முதலியவற்றில் வீக்கமும் வலியும் சீழும் தோன்றும். ஆகவே நடுத்தரமான கட்டே சிறந்தது என்று அவ்வியல் கூறுகிறது. கட்டை அவிழ்த்து மாற்றும் கால இடைவெளியும் பருவத்திற்கேற்பக் குறிக்கப்படுகிறது: குளிர்காலத்தில் 7 நாள், மிதமான பருவத்தில் 5 நாள், வெப்பக் காலத்தில் 3 நாள். வெப்பத்தில் வீக்கம் மிகும் என்னும் கவனிப்பு இதன் பின்னணியில் இருந்திருக்கலாம்.

அதே இயலில் கை முறிவுக்குப் பிந்தைய பயிற்சி பற்றிய குறிப்பும் உண்டு. நோயாளி முதலில் மண்ணுருண்டையையும், அடுத்து உப்புக் கட்டியையும், கையில் வலிமை பிறந்தபின் கல்லையும் பிடித்துப் பழக வேண்டும் என்கிறது அது. எடையைப் படிப்படியாக உயர்த்தி இழந்த வலிமையை மீட்கும் கொள்கை இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. எலும்பைக் கூட்டுவதோடு மருத்துவனின் கடமை முடிவதில்லை என்னும் புரிதலும் இதில் அடங்கியுள்ளது.

தமிழ்ச் சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 ஆக வகுக்கிறது. அவற்றுள் எலும்பு முறிவோடு நேரடித் தொடர்புடையது கொம்பு கட்டல். முறிந்த எலும்பை நேராக்கி, மரச்சட்டம் வைத்துக் கட்டுவதை இது குறிக்கும். இங்குக் கொம்பு என்பது மரக்கிளை, கோல் என்னும் பொருளது. குருதியை உறிஞ்சும் முறைகள் உறிஞ்சல், குருதி வாங்கல் எனத் தனித்தனியே எண்ணப்படுவதால், இதனை விலங்கின் கொம்பாகக் கொள்வது பொருந்தாது. கட்டு என்பதும் 32 வகையுள் ஒன்றாகவே தனித்து இடம்பெறுகிறது.

மற்றொரு வகையான தொக்கணம் ஒன்பதாக விரிகிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இறுக்கல், அழுத்தல் என்னும் பெயர்களைக் கண்டு, குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி நம்மிடம் முன்னரே இருந்தது என்று முடிவு கட்டுவோர் எழக்கூடும். அது பிழையான முடிவாகும். தொக்கணத்தில் மருத்துவரின் கை இயங்குகிறது. நோயாளியின் தசை ஓய்ந்திருக்கிறது. ஆய்வுக்குரிய முறையிலோ அழுத்தம் நிலையாக இருக்க, நோயாளியின் தசை உழைக்கிறது. இறுக்கத்தையும் தளர்வையும் மருத்துவச் செயல்களாகப் பெயரிட்டு வகைப்படுத்திய மரபு நம்மிடம் இருந்தது என்று சொல்வதே சான்றுக்கு உட்பட்ட கூற்றாகும்.

வழக்கிலுள்ள எலும்புக் கட்டு மரபுகளுள் புத்தூர்க் கட்டு பெயர்பெற்றது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும் இன்று ஆந்திரப் பகுதியில் உள்ளதுமான புத்தூரை அடுத்த சிற்றூரில், கேசவராஜு என்பார் 1881ஆம் ஆண்டு இம்மருத்துவத்தைத் தொடங்கியதாக அம்மரபினர் கூறுவர். வேட்டையில் காயமுற்ற முயல், இலைகளில் பொதிந்திருந்தபின் எழுந்து ஓடியதைக் கண்டு மூலிகையை அறிந்தார் என்பது வழங்கிவரும் கதை. பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியன இக்கட்டின் பொருள்கள். சென்னைத் தெருக்களில் புத்தூர்க் கட்டு என்னும் பெயர்ப்பலகைகள் இன்றும் பரவலாகக் காணப்படுகின்றன. பாரிசுச் சாந்தினால் இடப்படும் மருத்துவமனைக் கட்டினைத் தமிழ்மக்கள் மாவுக்கட்டு என்றே அழைக்கின்றனர். உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்திட்ட பழைய கட்டின் நினைவே புதிய கட்டிற்குப் பெயராயிற்று என்று கருத இடமுண்டு.

4. 1881: இறுக்கத்தின் தீங்கு

புத்தூர் மரபு தன் தொடக்கமாகச் சொல்லும் அதே 1881இல் செருமானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபான் ஃபோல்க்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். முறிந்த கை கால்களுக்கு மிக இறுக்கமாகக் கட்டிடுவதால் தசைக்குக் குருதி தடைபட்டு, தசை மடிந்து, உறுப்பு சுருங்கி முடமாகிறது என்று அவர் விளக்கினார். நரம்புப் பாதிப்பே காரணம் என்று கருதப்பட்ட ஒரு நிலைக்குக் குருதியின்மையே அடிப்படைக் காரணம் என அவர் காட்டியது முக்கியமான திருப்பம். ஃபோல்க்மன் சுருக்கம் என்று இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நாட்டு வைத்தியத்தில் இறுகிய கட்டால் கை கால் இழந்தோரைப் பற்றிப் பேசும்போது இவ்வரலாற்றை மறத்தலாகாது. ஐரோப்பிய மருத்துவமனைக் கட்டுகளும் இதே தீங்கை விளைவித்தன. அங்கிருந்தே இவ்வறிவு பிறந்தது.

இதற்கு இணையாக, குருதியைத் தற்காலிகமாக நிறுத்தும் கலையும் வளர்ந்துவந்தது. 1718இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி பெத்தி திருகாணி பொருத்திய இறுக்குக் கருவியை அறிமுகப்படுத்தினார். 1873இல் ஃப்ரீட்ரிக் ஃபான் எஸ்மார்க் ரப்பர்ப் பட்டையால் உறுப்பின் குருதியை வெளியேற்றி, குருதியற்ற அறுவைக்கு வழிகண்டார். இவ்விரண்டிலும் இறுக்கம் இருந்தது. இறுக்கத்தின் அளவை அறியும் வழி இல்லை. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரொச்சி குருதியழுத்தமானியை உருவாக்கினார். இத்தாலியில் அக்கருவியைக் கண்ட அமெரிக்க அறுவை மருத்துவர் ஆர்வி குஷிங், 1904இல் காற்று நிரப்பும் இறுக்குப் பட்டையை வெளியிட்டார். காற்று நிரப்பிய பட்டையில் அழுத்தத்தை எண்ணால் படிக்கலாம். வேண்டியபோது உடனே தளர்த்தலாம். இன்று மறுவாழ்வுப் பயிற்சியில் பயன்படும் பட்டை இக்கருவியின் நேர்வழித் தோன்றல்.

குருதியை முழுவதும் நிறுத்தாமல் பகுதியளவு தேக்கி நோய் தீர்க்கும் எண்ணமும் அக்காலத்தில் இருந்தது. எலும்புக் கட்டுவோர் குடும்பத்தில் பிறந்து, இலிவர்ப்பூலில் மருத்துவராக விளங்கிய இயூ ஓவன் தாமசு, கூடத் தாமதிக்கும் எலும்பைச் சுற்றிக் குருதியைத் தேக்கிவைக்கும் முறையைக் கையாண்டார். செருமனியில் ஆகஸ்ட் பியர், குருதித் தேக்கத்தை மருந்தாகக் கொள்ளும் கொள்கையை 1903இல் தனி நூலாகவே எழுதினார். மூட்டுக் காசநோய் முதலியவற்றுக்கு அவர் ரப்பர்ப் பட்டையால் சிரையோட்டத்தைத் தடுத்து மருத்துவம் செய்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அம்முறை மறைந்துபோயிற்று. ஆயினும் கட்டுப்படுத்தப்பட்ட தேக்கம் நன்மை தரலாம் என்னும் கருத்து, பயிற்சியோடு இணையாத நிலையில், அரைநூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்தது எனலாம்.

5. ஓய்வா, இயக்கமா?

தாமசின் பெயர் மற்றொரு விவாதத்திலும் முதன்மை பெறுகிறது. முறிந்த உறுப்புக்கு இடையறாத, நீண்ட ஓய்வே மருந்து என்பது அவர் கொள்கை. பிரான்சில் ழுஸ்ட் லூக்கா சாம்பியோனியேர் இதற்கு நேரெதிராக, இளக்கமான அசைவும் பிடித்துவிடுதலுமே முறிவை விரைவில் ஆற்றும் என்று வாதிட்டார். இருவரும் முழுப் பிழையுடையவர் அல்லர். அசையும் எலும்பு கூடாது. அசையாத தசை நிலைக்காது. இருபதாம் நூற்றாண்டின் எலும்பு மருத்துவம் இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே நிறைவு செய்ய முயன்ற வரலாறாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை மருத்துவமனையில் பணியாற்றிய தாமசு டெலோர்ம், காயமுற்ற வீரர்களின் மெலிந்த தொடைத் தசைக்குக் கனத்த எடைகொண்ட பயிற்சியைப் புகுத்தி, 1945இல் அதன் பயனை வெளியிட்டார். எடையைப் படிப்படியாக உயர்த்தும் இம்முறை நவீன மறுவாழ்வுப் பயிற்சிக்கு அடித்தளமாயிற்று. 1958இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஏ.ஓ. குழு, முறிவை உலோகத் தகட்டாலும் திருகாணியாலும் உறுதிசெய்து உடனே மூட்டை அசைக்க வேண்டும் என்றது. நெடுநாள் கட்டினால் விளையும் மூட்டு இறுக்கம், தசை மெலிவு, வீக்கம் ஆகியவற்றின் தொகுதிக்கு முறிவு நோய் என்னும் பெயர் வழங்கலாயிற்று. மருத்துவத்தாலேயே விளையும் நோய் என்னும் ஒப்புதல் அப்பெயரில் உண்டு.

தமிழகத்தில் மறுவாழ்வு மருத்துவம் தனித்துறையாக நிலைபெற்றதற்கு ஒரு சாலை விபத்தே காரணமாயிற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர்க்கு அறுவை செய்த அவர், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் அமைந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. உயிர்காத்தலுக்குப் பின்னும் மருத்துவத்திற்கு வேலையுண்டு என்பதை இம்மண்ணில் நிறுவியவர் அவர்.

டெலோர்ம் முறையில் ஒரு தடை எஞ்சியிருந்தது. உலோகத்தால் உறுதிசெய்யப்பட்ட காலும் தொடக்க வாரங்களில் கனத்த எடையைத் தாங்காது. தசை மிக விரைவாக மெலிவதும் அதே வாரங்களில்தான். இவ்விடைவெளியில்தான் குருதியோட்டக் கட்டுப்பாடு நுழைகிறது.

6. யப்பானிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

யப்பானியரான யோஷியாகி சாத்தோ 1966இல், தம் 18ஆம் அகவையில், ஒரு பௌத்தச் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். மரத்துப்போன கெண்டைக்காலில் கடும்பயிற்சிக்குப் பின் தோன்றும் உணர்வை ஒத்ததொன்றை உணர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். மிதிவண்டிக் குழாய், கயிறு, பட்டை முதலியவற்றைத் தம் உடலில் கட்டிப் பல ஆண்டுகள் சோதித்தார். 1973இல் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்து கட்டிடப்பட்டபோது, தொடையில் பட்டையிட்டு இறுக்கியும் தளர்த்தியும் தசையை இயக்கிவந்தார். ஏறத்தாழ ஆறு வாரங்களில் தசை மெலிவின்றி மீண்டதாக அவர் பதிவு செய்துள்ளார். அம்முறைக்கு அவரிட்ட பெயர் காட்சு. அழுத்தம் கூட்டுதல் என்பது அதன் பொருள். எனவே இப்பயிற்சியின் பிறப்பு வரலாற்றிலேயே கால் எலும்பு முறிவு இடம்பெறுகிறது.

ஒருவரின் தன்னனுபவம் சான்றாகாது. சான்று 2000ஆம் ஆண்டில் தக்கராதா குழுவினரின் ஆய்வுகளோடு வலுப்பெறத் தொடங்கியது. முழங்கால் இணைப்பிழை அறுவை செய்துகொண்ட 16 பேரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு அறுவைக்குப் பின் 3ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை, நாளுக்கு இருமுறை, 5 நிமிடம் அழுத்தமும் 3 நிமிடம் தளர்வுமாக ஐந்து சுற்றுகள் அளிக்கப்பட்டன. இரு வார முடிவில் முழங்கால் நீட்டும் தசையின் குறுக்குப் பரப்பு மற்றப் பிரிவில் 20.7 விழுக்காடு குறைய, பட்டையிட்டோரிடம் 9.4 விழுக்காடே குறைந்தது. 2008இல் குபோத்தா குழுவினர் நலமான ஆடவரின் கணுக்காலை இரு வாரம் கட்டிட்டு அசையாமல் வைத்து ஆராய்ந்தபோதும், இவ்வழுத்தச் சுற்றுகள் வலிமைக் குறைவைத் தடுத்தன.

இவ்விரு ஆய்வுகளிலும் பயிற்சி இல்லை. இறுக்கமும் தளர்வும் மட்டுமே இருந்தன. எனவே மறுவாழ்வில் ஒரு படிநிலை உருவாயிற்று: அசையவே இயலாத நாள்களில் அழுத்தச் சுற்று மட்டும், பின்னர் அழுத்தத்துடன் எடையில்லா அசைவு அல்லது நடை, அதன்பின் அழுத்தத்துடன் குறைந்த எடை, இறுதியில் பட்டையை நீக்கிக் கனத்த எடை. பட்டை ஒரு பாலம். அதுவே இலக்கு ஆகாது.

2019இல் பாட்டர்சன் முதலான ஆய்வாளர்கள் பன்னாட்டு நிலையில் வெளியிட்ட பரிந்துரை இம்முறைக்கு அளவுகளை வகுத்தது. தமனியோட்டம் முழுவதும் நிற்கும் அழுத்தத்தை ஒவ்வொருவரிடமும் முதலில் கண்டறிய வேண்டும். அதில் 40 முதல் 80 விழுக்காடு அழுத்தமே பயிற்சியில் பயன்பட வேண்டும். ஒருவர்க்கு அது 180 மி.மீ. பாதரசம் எனில், பயிற்சி அழுத்தம் 72 முதல் 144 வரை அமையும். முதற்சுற்றில் 30 முறை, அடுத்த மூன்று சுற்றுகளில் 15 முறை என 75 அசைவுகள். இடையே 30 முதல் 60 நொடி ஓய்வு. வாரத்திற்கு 2 அல்லது 3 நாள். பட்டையின் அகலம், தொடையின் பருமன், குருதியழுத்தம் ஆகியன ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவர்க்குப் பொருந்தும் அழுத்தம் மற்றவர்க்குத் தீங்காகலாம். சுசுருதம் வலியுறுத்திய நடுத்தரமான கட்டு இங்கே எண்ணாக மாறியுள்ளது.

சான்றின் எல்லையையும் சுட்ட வேண்டும். முழங்கால் இணைப்பிழை அறுவை, மூட்டுத் தேய்மானம், முதுமைத் தசை மெலிவு ஆகியவற்றில் உள்ள அளவுக்கு எலும்பு முறிவில் ஆய்வுகள் பெருகவில்லை. தசை மெலிவின் இயல்பு ஒத்திருப்பதால் முடிவுகளை நீட்டிப் பொருத்துகின்றனர். இந்நீட்டிப்பு ஏற்புடையதே, ஆயினும் நேரடிச் சான்றின் இடத்தை அது நிரப்பாது.

7. இடர்களும் பாதுகாப்பும்

யப்பானில் 2006இல் வெளியான நகாஜிமா குழுவினரின் கணக்கெடுப்பு, 105 நிலையங்களில் 12,642 பேரிடம் நிகழ்ந்த விளைவுகளைத் தொகுத்தது. தோலடிக் குருதிக்கசிவு 13.1 விழுக்காட்டினர்க்கும், மரமரப்பு 1.3 விழுக்காட்டினர்க்கும், சிரைக் குருதியுறைவு 0.055 விழுக்காட்டினர்க்கும் நேர்ந்தன. நுரையீரல் அடைப்பும் தசைச் சிதைவும் தலைக்கு 0.008 விழுக்காடு. தகுதியுடையோர் மேற்பார்வையில் இடர் குறைவு என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

எலும்பு முறிந்தவரின் நிலை வேறானது. முறிவும் படுக்கையும் அறுவையுமே சிரையில் குருதி உறையும் வாய்ப்பை உயர்த்துகின்றன. அத்தகையவர்க்குப் பட்டையிடுமுன் சிரையுறைவு இல்லை என்பதை உறுதிசெய்தல் இன்றியமையாதது. குருதிக்குழாய்க் காயம், ஆறாத புண், கட்டுக்கடங்காத குருதியழுத்தம், அரிவாள் அணுச் சோகை உடையோர்க்கு இதனைத் தவிர்ப்பதே பொதுவான நெறி. நெடுநாள் நீரிழிவால் கால் உணர்வு குன்றியவர், இறுக்கம் மிகுவதை உணர்ந்து சொல்ல இயலாதவர். நீரிழிவு மிகுந்த தமிழ்ச் சமூகத்தில் இது சிறு எச்சரிக்கை அன்று.

8. 48 மணி நேரத்திற்குப் பின்

2021 திசம்பர் 18 அன்று செங்கல்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில், பொத்தேரி அமைந்துள்ள அதே நெடுஞ்சாலையின் தெற்கே, ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பெற்றது. விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை அரசே ஏற்கும் இத்திட்டம், தொடக்கத்தில் ஒருவர்க்கு 1 இலட்சம் ரூபாய் வரை வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லத்திற்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிப்பதும் ஒரு கூறு. முதல் திட்டம் உயிரைக் காக்கிறது. இரண்டாவது திட்டம் வீட்டுவாசல் வரை மறுவாழ்வைக் கொண்டுசெல்லும் வழியைத் திறந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில்தான் தொடைத் தசை கரைகிறது. அக்காலத்தை இத்திட்டங்களின் இணைப்புக் கண்ணியாகக் கருதித் திட்டமிடுவது தேவை. காற்றுப் பட்டை, அழுத்தமானி, குருதியோட்டத்தைக் கேட்டறியும் சிறு ஒலிக்கருவி, பயிற்சி பெற்ற ஒருவர் ஆகியவையே இதன் அடிப்படைத் தேவைகள். பெரும் கட்டடம் தேவையில்லை.

எளிமையே இதன் ஆபத்துமாகும். ரப்பர்ப் பட்டையோ துணியோ கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். அவ்வாறு கட்டினால், காற்றுப் பட்டைக்கு முந்தைய எஸ்மார்க் காலத்திற்குத் திரும்புகிறோம்: இறுக்கம் உண்டு, அளவு இல்லை. இங்குத்தான் பெயரின் இன்றியமையாமை புலப்படுகிறது. இரத்த ஓட்டத்தை நிறுத்தும் பயிற்சி, தடுக்கும் பயிற்சி என மொழிபெயர்த்தால், இறுக இறுக நன்று என்னும் பொருளைக் கேட்போர் கொள்வர். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ‘இரணவைத்தியம்’ உள்ளிட்ட மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். மருத்துவம் பயில்வோர் தம் மொழியிலேயே பயின்று, நோயாளியிடம் அம்மொழியிலேயே பேச வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்நோக்கு இங்கும் வழிகாட்டும்.

ஆய்வுலகில் குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்னும் தொடர் ஏற்றது. கட்டு என்னும் அடியிலிருந்தே கட்டுப்பாடு என்னும் சொல் பிறந்ததால், மரபுக் கட்டோடு சொல்லுறவும் அதற்கு வாய்க்கிறது. நோயாளியிடம் பேசும்போது அளவழுத்தப் பயிற்சி என்னும் பெயரை இக்கட்டுரை முன்மொழிகிறது. யப்பானியப் பெயர் அழுத்தத்தையும் ஆங்கிலப் பெயர் குருதியோட்டத்தையும் முன்னிறுத்துகின்றன. தமிழ்ப் பெயர் அளவை முன்னிறுத்துமாயின், பெயரே எச்சரிக்கையாகவும் அமையும்.

9. முடிவுரை

இறுக்கம் நஞ்சா மருந்தா என்னும் வினாவிற்கு வரலாறு தரும் விடை மூன்று கூறுகளால் ஆனது. முதலாவது அளவு: நடுத்தரக் கட்டு என்னும் பழைய அறிவு, அழுத்தமானியின் வருகையால் ஆளுக்கேற்ற எண்ணாயிற்று. இரண்டாவது காலம்: ஃபோல்க்மன் கண்ட கேடு மணிக்கணக்கான இறுக்கத்தால் விளைந்தது, பயிற்சியின் இறுக்கமோ நிமிடக்கணக்கில் முடிகிறது. மூன்றாவது தளர்வு: பருவத்திற்கேற்பக் கட்டை அவிழ்க்கச் சொன்ன மரபும், 5 நிமிட அழுத்தத்திற்கு 3 நிமிடத் தளர்வு கொடுத்த ஆய்வும், அவிழ்த்தலையும் மருத்துவத்தின் பகுதியாகவே கொண்டன.

புத்தூர்க் கட்டோ, மாவுக்கட்டோ, உலோகத் தகடோ, எதனால் எலும்பு கூடினாலும் தசையின் மீட்சிக்குத் தனி முயற்சி வேண்டும். தாம்பரத்துச் சித்த மருத்துவரும் பொத்தேரி இயன்முறை மருத்துவரும் ஒரே நோயாளியை வெவ்வேறு வாரங்களில் காண்கின்றனர். அவர்கள் ஒருவர்க்கொருவர் குறிப்பெழுதி அனுப்பும் வழக்கமும், எலும்பு முறிந்தோரிடம் நேரடியாக நிகழ்த்தப்படும் தமிழக ஆய்வுகளும், தமிழில் எழுதப்பட்ட பயிற்சிக் கையேடும் உருவாக வேண்டும். கால் முறிந்த தொழிலாளி மீண்டும் படியேறுகிறாரா, வேலைக்குத் திரும்புகிறாரா என்பதே இம்முறையின் பயனை அளக்கும் இறுதி அளவுகோல்.